லோடிங் காயிலுக்குள் கரண்ட் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் பேசும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் நாலு பேர் காப்பிக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஆன்டெனாக் காயிலில் வந்து நிற்கும். நம்மில் பெரும்பாலோர் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) அடுக்குமாடியில் இருக்கிறோம். ஆன்டெனாவாக 10 மீட்டர் கம்பியை நிமிர்த்தி வைக்க யாருக்கும் இடமில்லை. ஆகவே ஒரு குட்டை விப் (நிமிர்ந்து நிற்கும் கம்பி ஆன்டெனா), அதன் அடியில் ஒரு காயில் (கம்பிச்சுருள்). வைக்கும் இடம் பால்கனியாக இருக்கலாம், கார் கூரையாக இருக்கலாம், ஈஸ்ட் கோஸ்ட் பார்க் புல்தரையாகவும் இருக்கலாம். அந்தக் காயிலைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

எண்கள் குழம்பாமல் இருக்க எல்லாப் பதிலிலும் ஒரே ஆன்டெனாதான் உதாரணம்: 7.1 மெகாஹெர்ட்ஸ், 1.5 மீட்டர் விப், அடியில் காயில், அடியிலிருந்து தரையில் நாலாபக்கமும் விரித்த ரேடியல் கம்பிகள்.

அண்ணே, முதல்ல காயில் எதுக்கு? விப்பை நேரா கோஆக்ஸ் கேபிள்ல மாட்டினா என்ன?

7.1 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலைநீளம் சுமார் 42 மீட்டர். கால் அலை என்றால் 10.5 மீட்டர். நம் விப் 1.5 மீட்டர்தான். முழு அலையை 360 டிகிரி என்று வைத்தால் கால் அலைக்கு 90, நம்மிடம் இருப்பது 12.8.

இவ்வளவு குட்டையான கம்பி, ரிக்கின் (அனுப்பும் கருவியின்) பார்வையில் கிட்டத்தட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர். அதன் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) சுமார் 1670 ஓம் வருகிறது. இதை வைத்துக்கொண்டு எவ்வளவு முட்டினாலும் கரண்ட் உள்ளே போகாது. அதே அளவு ரியாக்டன்ஸை எதிர்ப்பக்கமாகக் கொடுத்து அதைக் கழித்துவிடத்தான் காயில். கணக்குப்படி 37 மைக்ரோஹென்றிக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். 2 அங்குல விட்டமுள்ள குழாயில் 3 அங்குல நீளத்துக்கு 38 சுற்று சுற்றினால் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். குழாய் எந்த ஹார்ட்வேர் கடையிலும் இருக்கும், செப்புக் கம்பிக்கு சிம் லிம் டவர்.

நிலையலைன்னு சொல்றீங்களே, கரண்ட் ஒரே இடத்துல நின்னுடுமா?

நிற்காது. ரிக்கிலிருந்து ஓர் அலை மேலே போகிறது. விப்பின் நுனியில் போக வழியில்லை, அதனால் திரும்பி வருகிறது. போகும் அலையும் வரும் அலையும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது நமக்குக் கிடைக்கும் கூட்டுத்தொகைக்குத்தான் நிலையலை என்று பெயர்.

பிள்ளைகள் கயிறாடும்போது கயிற்றைப் பாருங்கள். நடுவில் பெரிய ஆட்டம், கைப்பிடி அருகே ஆட்டமே இல்லை. ஆனால் கயிற்றின் எல்லாப் புள்ளியும் ஒரே நொடியில் உச்சிக்குப் போய் ஒரே நொடியில் கீழே வருகின்றன. இடத்துக்கு இடம் மாறுவது ஆட்டத்தின் அளவு மட்டும்தான், நேரம் மாறுவதில்லை. ஆன்டெனாவில் ஓடும் நிலையலைக் கரண்டும் அப்படியே. நுனியில் பூச்சியம், அடியில் அதிகம், கட்டம் (ஃபேஸ், அதாவது உச்சிக்குப் போகும் நேரம்) மட்டும் எங்கும் ஏறக்குறைய ஒன்று. இந்தக் கடைசி விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான்.

காயிலுக்குக் கீழே போற கரண்டும் மேலே வர்ற கரண்டும் ஒண்ணா, வேறயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி சொல்வது: காயில் என்பது ஒரு இண்டக்டர், ஒரு முனையில் நுழைந்த கரண்ட் மறுமுனையில் வந்தே தீர வேண்டும், ஆகவே சமம். மறு கட்சி சொல்வது: காயில் என்பது 90-இல் விட்டுப்போன 77 டிகிரிக் கம்பியைச் சுருட்டி வைத்தது, ஆகவே அந்த 77 டிகிரியில் கரண்ட் எவ்வளவு குறையுமோ அவ்வளவும் காயிலிலேயே குறையும்.

இரண்டும் ஓரத்தில் நிற்கும் கட்சிகள். நம் உதாரணக் காயிலில் மேல் முனைக் கரண்ட் அடி முனையைவிட சுமார் 17 சதவீதம் குறைவு என்று வருகிறது. இரண்டாம் கட்சியின் கணக்குப்படி பார்த்தால் மேலே அடிக்கரண்டில் 22 சதவீதம்தான் மிச்சமிருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை. ஃபெர்ரைட் அல்லது இரும்புத்தூள் வளையத்தில் சின்னதாகச் சுற்றிய காயில் என்றால் முதல் கட்சி ஏறக்குறைய ஜெயித்துவிடும். அடி முனையைத் தரையில் இணைத்த டெஸ்லா காயில் என்றால் மேல் முனையில் கரண்ட் பூச்சியத்தை ஒட்டிப் போய்விடும். நம் காயில்கள் இவற்றுக்கு நடுவில், ஆனால் முதல் கட்சிப் பக்கம் சாய்ந்து இருக்கின்றன.

அப்போ அந்த 17 சதவீதம் எங்கே போச்சு? கிர்க்காஃப் விதி பொய்யா?

விதி பொய் இல்லை. அதைப் பயன்படுத்தும் இடம்தான் சரியில்லை. இரண்டே முனை உள்ள, வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாத பெட்டிக்குத்தான் "உள்ளே போனது வெளியே வர வேண்டும்" என்பது பொருந்தும். நம் காயிலின் ஒவ்வொரு சுற்றுக்கும் தரையோடும் ரேடியலோடும் காரின் உடம்போடும் ஒரு சின்ன கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. மொத்தமாகக் கூட்டினால் நாலைந்து பிக்கோஃபாரட்தான். ஆனால் மேல் சுற்றுகளில் வோல்ட்டேஜ் எக்கச்சக்கம். அதனால் ஒவ்வொரு சுற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பெயர்ச்சி மின்னோட்டம் காற்று வழியே தரைக்கு இறங்குகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் கிர்க்காஃப் கூட்டல் சரியாக வரும்.

இந்தக் கசிவு நஷ்டம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கெப்பாசிட்டன்ஸ் வழியே போகும் கரண்ட் சூடாகிக் கரைந்துபோவதில்லை. 17 சதவீதக் கரண்ட் குறைந்தது என்றால் 17 சதவீதப் பவர் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சரி, காயில் எத்தனை டிகிரிக்குச் சமம்? விப் 12.8 போனா மிச்சம் 77-ஐயும் அதுதானே நிரப்பணும்?

இதற்குக் காயிலை ஒரு டிரான்ஸ்மிஷன் லைன் (கோஆக்ஸ் மாதிரி அலையைக் கடத்தும் வழி) துண்டாக நினைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். கோஆக்ஸுக்கு 50 ஓம் என்கிறோமே, அதே பொருளில் விப்புக்கும் ஒரு கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ் (போகும் அலையில் வோல்ட்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதம்) உண்டு. நம் விப்புக்கு சுமார் 380 ஓம். காயிலுக்கோ அது ஆயிரக்கணக்கில் போகும். நம் 2 அங்குலக் காயிலுக்கு 2500 ஓம் என்று எடுத்துக்கொள்வோம்.

விப்பின் அடியில் நின்று மேலே பார்த்தால் தெரிவது 1670 ஓம் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ். 380 ஓம் லைனில் அது நுனியிலிருந்து 12.8 டிகிரி தள்ளி இருக்கும் இடம். அதே 1670 ஓம், 2500 ஓம் லைனில் 56 டிகிரி தள்ளி இருக்கும் இடம். ஆக, விப்பும் காயிலும் சேரும் அந்த ஒரு புள்ளியிலேயே 43 டிகிரி கிடைத்துவிடுகிறது. நீளமே இல்லாத இணைப்பு கொடுக்கும் டிகிரி அது. 90-க்கு மிச்சம் 34. காயில் கொடுக்க வேண்டியது அந்த 34 மட்டும்தான்.

கரண்ட் எவ்வளவு குறைகிறது என்பதும் இதிலிருந்தே வரும். காயிலின் அடி முனை 90 டிகிரி, மேல் முனை 56 டிகிரி. சைன் 56 என்பது 0.83. மேலே சொன்ன 17 சதவீதம் இங்கிருந்து வந்ததுதான். காயிலை மெலிதாக, குறுகலாகச் சுற்றி இம்பீடன்ஸை 4000 ஓமுக்கு ஏற்றினால் காயிலின் பங்கு 23 டிகிரியாகவும், கரண்ட் குறைவு 8 சதவீதமாகவும் சுருங்கும். இணைப்பின் பங்கு 54 டிகிரிக்கு ஏறும். "நான் அளந்தேன், குறையவே இல்லை" என்பவரும் "நான் அளந்தேன், நல்லா குறைஞ்சுது" என்பவரும் ஒரே நேரத்தில் உண்மை சொல்ல முடியும். இருவர் காயிலும் ஒரே காயில் இல்லை.

காயில்ல உள்ள கம்பியோட நீளத்தை அளந்தா டிகிரி தெரிஞ்சிடாதா?

தெரியாது. நம் 38 சுற்றில் இருப்பது சுமார் 6 மீட்டர் கம்பி. நேராக நீட்டினால் 52 டிகிரி. மேலே சொன்ன 34-ஓடும் பொருந்தவில்லை, 77-ஓடும் பொருந்தவில்லை. அலை கம்பி வழியே சுற்றிச் சுற்றி மட்டும் போவதில்லை. பக்கத்துச் சுற்றுகள் காந்தப்புலத்தால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதால் குறுக்கு வழியும் உண்டு. கம்பி நீளத்தை வைத்துக் கணக்குப் போடுவதை விட்டுவிடுங்கள்.

நான் ரெண்டு புரோப் போட்டு ஆசிலோஸ்கோப்ல பார்த்தேன். மேலேயும் கீழேயும் கட்டம் ஒண்ணாத்தான் இருக்கு. அப்போ காயில்ல தாமதமே இல்லைன்னு ஆகுதுல்ல?

ஆகாது. கயிறாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஆன்டெனா மாதிரி கால் அலைக்குள் அடங்கும் நிலையலையில் எந்த இரண்டு புள்ளியைப் பிடித்தாலும் கட்டம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். காயிலே இல்லாத, முழு 10.5 மீட்டர் நேர்க் கம்பியில் அடியிலும் பாதி உயரத்திலும் அளந்து பாருங்கள். அங்கேயும் கட்ட வித்தியாசம் ஏறக்குறைய தெரியாது. அதற்காக அந்த 5 மீட்டரை அலை நேரமே எடுக்காமல் கடந்துவிட்டது என்று சொல்வோமா? ஒளியின் வேகத்தில் போனாலே 17 நானோநொடி ஆகும்.

போகும் அலையில் தாமதம் இருக்கிறது, வரும் அலையிலும் இருக்கிறது. கூட்டும்போது கட்டத்தில் அது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, அளவில் போய் ஒளிந்துகொள்கிறது. நிலையலையில் தூரம் பற்றிய செய்தி முழுக்க அளவில்தான் இருக்கிறது. அளவு ஏன் குறைகிறது என்று கேட்காமல் கட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் எந்தக் காயிலுக்கும் தாமதம் பூச்சியம் என்றுதான் வரும். அந்த அளவீடு வேறு விடை கொடுக்கவே முடியாது.

அப்போ உண்மையான தாமதத்தை எப்படி அளக்கிறது?

திரும்பி வரும் அலையை ஒழித்தால்தான் முடியும். காயிலின் மறுமுனையில் அதன் கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸுக்குச் சமமான ரெசிஸ்டரை மாட்ட வேண்டும். இரு முனையிலும் கரண்ட் அளவு சமமாக வரும் வரை ரெசிஸ்டரை மாற்றினால், அதுதான் ஏறக்குறைய சரியான மதிப்பு. இப்போது கட்ட வித்தியாசத்தை நம்பலாம். நம் காயிலில் 34 டிகிரி என்றால் 13 நானோநொடி வர வேண்டும்.

சொல்வது சுலபம், செய்வது கொஞ்சம் படுத்தும். சாதாரண ஸ்கோப் புரோபுக்கு 10 பிக்கோஃபாரட் இருந்தால் 7.1 மெகாஹெர்ட்ஸில் அதுவே 2240 ஓம். அதாவது நீங்கள் அளக்கவந்த 2500 ஓம் லைனுக்குக் குறுக்கே அதைவிடக் குறைந்த ஒன்றைத் தொங்கவிடுகிறீர்கள்!

எனக்குப் பிடித்த வழி வேறு. காயிலின் அடியை ரேடியலோடு சேர்த்து, மேல் முனையை வெறுமனே விட்டு, எந்த அதிர்வெண்ணில் அது தானாகவே கால் அலையாக ஒத்திசைகிறது என்று பாருங்கள். அங்கே காயில் சரியாக 90 டிகிரி. நம் காயில் 18 அல்லது 19 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைந்தால், விகிதப்படி 7.1-இல் 34 டிகிரி பக்கம் வரும். காயிலில் அலை வேகம் அதிர்வெண்ணோடு கொஞ்சம் மாறும், ஆகவே இது தோராயம்தான். ஆனால் 34-ஆ 77-ஆ என்ற சண்டையைத் தீர்க்க இந்தத் தோராயம் தாராளம்.

கரண்ட் அளவை மட்டும் பார்க்க வீட்லயே மீட்டர் செய்யலாமா?

செய்யலாம். சின்ன ஃபெர்ரைட் வளையம், அதில் கொஞ்சம் சுற்று, ஒரு டயோடு, ஒரு ஊசி மீட்டர் போதும். ஆன்டெனாக் கம்பியை வளையத்துக்குள் விட்டுவிட வேண்டும். ஒரே மாதிரி இரண்டு செய்து காயிலின் இரு முனையிலும் வையுங்கள். மீட்டரிலிருந்து தரைக்கு ஒயர் எதுவும் இறங்கக்கூடாது. இறங்கினால் அதுவே ஆன்டெனாவின் பாகமாகிவிடும். கிட்டப் போய்க் குனிந்து பார்க்காதீர்கள், உங்கள் உடம்பும் ஒரு கெப்பாசிட்டர்தான். நாலடி தள்ளி நின்று ஃபோன் கேமராவை ஸூம் செய்து படியுங்கள். அப்புறம் இரண்டு மீட்டரையும் இடம் மாற்றி இன்னொரு தடவை அளக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. மீட்டருக்கு மீட்டர் உள்ள வித்தியாசமே பத்து சதவீதம் வந்துவிட்டால், நீங்கள் கண்டுபிடித்தது காயிலைப் பற்றி இல்லை.

ஈஸெட்நெக் ஆன்டெனா மென்பொருள்ல போட்டா ரெண்டு முனையிலும் கரண்ட் சமமாத்தானே காட்டுது?

நீங்கள் காயிலை "லோடு" என்று கொடுத்திருப்பீர்கள். அந்த லோடுக்கு உயரம், விட்டம் எதுவும் கிடையாது. ஒரு புள்ளியில் உட்கார்ந்த ரியாக்டன்ஸ். உருவமே இல்லாததற்குத் தரையோடு கெப்பாசிட்டன்ஸ் எங்கிருந்து வரும்? ஆகவே சமமாகத்தான் காட்டும். காயிலைச் சுற்றுச் சுற்றாகச் சின்னக் கம்பித் துண்டுகளால் வரைந்து கொடுங்கள், அதே மென்பொருள் மேல் முனையில் குறைத்துக் காட்டும்.

பால்கனியில டியூன் பண்ணின விப், பார்க்ல வேற அதிர்வெண்ல நிக்குதே?

கிர்க்காஃப் கேள்வியில் சொன்ன அந்த நாலைந்து பிக்கோஃபாரட் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. பால்கனியில் இரும்புக் கிரில், துணி காயப்போடும் கம்பு, பக்கத்தில் ஏர்கான் பெட்டி, கான்கிரீட்டுக்குள் கம்பி. எல்லாம் காயிலுக்கும் விப்புக்கும் கெப்பாசிட்டன்ஸைக் கூட்டி, ஒத்திசைவைக் கீழே இழுக்கும். பார்க்கில் அவை இல்லை, ஆகவே மேலே போகும். சுற்றின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ள நடுநடுவே இணைப்பு (டேப்) வைத்த காயில் செய்துகொள்வது நல்லது.

மழையும் இதையே செய்யும், நம் ஊரில் அதற்குக் குறைவில்லை. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80 பக்கம். சுற்றுகளுக்கு நடுவில் துளி நின்றால் அதிர்வெண் இறங்கிவிடும். இம்பீடன்ஸைப் பொருத்திய பிறகும் இந்த ஆன்டெனாவுக்கு எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம், 1-ஐ நெருங்கினால் பொருத்தம் நல்லது) 2-க்குள் கிடைக்கும் அகலமே சுமார் 60 கிலோஹெர்ட்ஸ்தான், கொஞ்சம் நகர்ந்தாலும் ரிக் முறைக்கும்.

எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டுது. ஆனா ஜோகூர்ல இருக்கிறவருக்குக்கூட சரியா கேக்கலை. ஏன்?

அலையே வீசாத டம்மி லோடும் (வெறும் ரெசிஸ்டர்) 1.1 காட்டும். நம் விப்பின் கதிர்வீச்சு ரெசிஸ்டன்ஸ் (அலையாக வெளியேறும் பவரைக் குறிக்கும் ரெசிஸ்டன்ஸ்) அரை ஓம்தான். காயிலின் கியூ (ரியாக்டன்ஸை நஷ்ட ரெசிஸ்டன்ஸால் வகுத்த எண்) 200 என்றால் அதன் நஷ்டம் 8 ஓமுக்கு மேல். தரை நஷ்டத்துக்கு ஒரு 10 ஓம் வையுங்கள். மொத்தம் 19-இல் அரை ஓம் மட்டுமே வானத்துக்குப் போகிறது. 10 வாட் கொடுத்தால் கால் வாட். மிச்சமெல்லாம் காயிலையும் தரையையும் சூடாக்குகிறது.

காயிலை விப்பின் நடுவுக்கு ஏற்றினால் கதிர்வீச்சு ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், ஏனெனில் கீழ்ப்பாதி முழுக்கக் கரண்ட் ஏறக்குறைய முழு அளவில் ஓடும். ஆனால் மேலே இருக்கும் துண்டு குட்டையாகிவிட்டதால் காயிலின் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும், அதன் நஷ்டமும் கூடும். தரை நஷ்டம் அதிகமுள்ள இடத்தில் இந்தப் பேரம் லாபம். தரை ரொம்ப நல்லதாக இருந்தால் லாபம் குறைவு. காயிலில் 8 சதவீதமா 17 சதவீதமா என்று சண்டை போடும் நேரத்தில் இன்னும் நாலு ரேடியல் விரித்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு நல்லது.

காயில்ல அடிச் சுற்று மட்டும் அதிகமா சுடுதே, இது அந்த 17 சதவீதம்தானா?

ஒரு பங்கு அதுதான். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.83-இன் வர்க்கம் 0.69. ஆக மேல் சுற்றில் சூடு அடிச் சுற்றைவிட 30 சதவீதம் குறைவு. தொட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் அனுப்பிக்கொண்டிருக்கும்போது தொடாதீர்கள். 10 வாட்டிலேயே காயிலின் மேல் முனையில் சுமார் 1000 வோல்ட், 100 வாட் என்றால் 3000-க்கு மேல். பார்க்கில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் குறுக்கே வருவார்கள். கையெட்டும் உயரத்தில் காயிலை வைத்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

இவ்வளவும் சரி. நான் காயில் சுத்தும்போது எந்தக் கணக்கைப் போடணும்?

சாதாரண இண்டக்டர் கணக்கையே போடுங்கள், தொடங்க அது போதும். நம் உதாரணத்தில் அது 37.5 மைக்ரோஹென்றி கேட்கிறது. டிரான்ஸ்மிஷன் லைன் கணக்கு 33 மைக்ரோஹென்றி போதும் என்கிறது, காயிலின் கெப்பாசிட்டன்ஸும் கொஞ்சம் வேலை செய்வதால். ஆக முதல் கணக்குப்படி 38 சுற்று சுற்றினால் ஆன்டெனா 7.1-க்குக் கீழே ஒத்திசையும். இரண்டு மூன்று சுற்றைக் கழற்ற வேண்டி வரும். கம்பியை முதலிலேயே குட்டையாக வெட்டிவிடாதீர்கள்.